கடல் மட்டத்திலிருந்து தோரோங் கணவாய் வரை: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில், நேபாளத்தின் அன்னபூர்ணா மலைத்தொடரைச் சுற்றிவரும் நெடுநடைப் பயணத்தைப் பற்றியும், அப்பயணத்தின் உச்சமான 5,416 மீட்டர் உயரத் தோரோங் கணவாயைக் கடப்பது பற்றியும் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சாயல்குடி முதல் தொண்டி வரையுள்ள ராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவை. கந்தமாதன பர்வதத்தை விட்டால் மேடு என்று காட்ட வேறொன்றும் இல்லாத ராமேஸ்வரம் தீவிலிருந்துகூடக் கடிதங்கள் வந்திருக்கின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் ஐந்து நண்பர்கள் ஆண்டுதோறும் வேளாங்கண்ணிக்கு நடந்து செல்கிறோம். நாளொன்றுக்கு 35 கிலோமீட்டர் நடப்பது எங்களுக்குச் சாதாரணம். மனாங் என்ற ஊரிலிருந்து கணவாயைக் கடந்து முக்திநாத் சேர, தங்கும் நாட்களையும் சேர்த்து ஐந்தாறு நாட்கள் வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். வரைபடத்தில் பார்த்தால் முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான் வருகிறது. எங்களுக்கு அது ஒரு நாள் நடைதானே?
— வாசகர், தங்கச்சிமடம்

பதில்: தூரக் கணக்கு சரி. உங்கள் கால்களின் மீதும் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஐந்தாறு நாட்களும் கால்களுக்காக ஒதுக்கப்பட்டவை அல்ல. நுரையீரலும் சிறுநீரகமும் இரத்தமும் புதிய உயரத்துக்குப் பழகுவதற்காக ஒதுக்கப்பட்டவை. காற்றில் ஆக்சிஜனின் பங்கு தங்கச்சிமடத்திலும் கணவாயிலும் ஒன்றுதான், நூற்றுக்கு 21. உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைந்துகொண்டே போகிறது. தோரோங் கணவாயில் அது கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதி. ஆகவே ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போகும் ஆக்சிஜனும் ஏறக்குறையப் பாதிதான். இதை ஈடுகட்ட உடல் முதலில் மூச்சை விரைவுபடுத்துகிறது. அப்படி விரைவாக மூச்சுவிடும்போது கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியேறி இரத்தத்தின் காரத்தன்மை கூடிவிடுகிறது. அதைச் சிறுநீரகம் சரிசெய்த பிறகுதான் உடலால் தொடர்ந்து ஆழமாக மூச்சுவிட முடிகிறது. இந்த வேலை முடியச் சில நாட்கள் ஆகும். எவ்வளவு உறுதியான உடலாக இருந்தாலும் இதை அவசரப்படுத்த முடியாது. உறுதியானவர்களுக்கு இதில் கூடுதல் ஆபத்து என்றுகூடச் சொல்வேன், ஏனென்றால் அவர்களால் மட்டுமே உடல் பழகுவதற்கு முன்பே மேலே போய்ச் சேர்ந்துவிட முடிகிறது.

இதற்காக மலைப்பயண மருத்துவர்கள் ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இன்று படுக்கும் இடம் நேற்றுப் படுத்த இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கக் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை உயரத்தைக் கூட்டாமல் ஒரு நாள் தங்க வேண்டும். கணக்கு படுக்கும் இடத்துக்குத்தான். பகலில் அதைவிட உயரே ஏறிப் பார்த்துவிட்டு இரவில் இறங்கிவந்து படுப்பது உடலுக்கு நல்லது. மனாங்கில் (3,540 மீட்டர்) இரண்டு இரவாவது தங்குங்கள். இடைப்பட்ட பகலில் கங்காபூர்ணா ஏரியின் மேலேயுள்ள மேட்டுக்குப் போய்வாருங்கள், முடிந்தவர்கள் 4,600 மீட்டரில் இருக்கும் பனி ஏரி வரை போய்வரலாம். பிறகு யாக் கர்க்கா (ஏறக்குறைய 4,050 மீட்டர்), அடுத்து தோரோங் பேடி (ஏறக்குறைய 4,450 மீட்டர்), அதற்கு மறுநாள் கணவாய்.

ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பழைய நடைபாதையின் பெரும்பகுதியில் இப்போது மண்சாலை வந்துவிட்டது. 800 மீட்டர் உயரத்தை ஒட்டியுள்ள பெசிசஹாரிலிருந்து மனாங் வரைக்கும் ஜீப் போகிறது. நாட்களை மிச்சப்படுத்த நினைப்பவர்கள் அதில் ஏறிக்கொள்கிறார்கள். மிச்சமாகும் அந்த நாட்கள்தாம் கணவாயைக் கடக்க உடலைத் தயார் செய்யும் நாட்கள் என்பது, மனாங்கில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போதுதான் அவர்களுக்குத் தெரிகிறது. நடக்கத் தெரிந்த உங்களைப் போன்றவர்கள் கீழிருந்தே நடந்து போங்கள். வேளாங்கண்ணி வேகத்தில் பாதி போதும்.

கேள்வி: நான் சங்கு குளிக்கப் போகிறவன். தண்ணீருக்கடியில் இரண்டு நிமிடத்துக்கு மேல் மூச்சடக்குவேன். என்னைப் போன்றவர்களுக்குக் கணவாயில் காற்றுக் குறைவது பெரிய சிரமமாக இருக்காது என்று நினைக்கிறேன். சரியா?
— வாசகர், ஏர்வாடி

பதில்: வந்த கேள்விகளிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. விடை உங்களுக்குச் சாதகமாக இல்லை.

நீங்கள் கடலில் இறங்கும்போது, பத்து மீட்டர் ஆழத்திலேயே உங்கள் மீதுள்ள அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப்போல் இரண்டு மடங்காகிவிடுகிறது. நெஞ்சுக்குள் நீங்கள் எடுத்துச் சென்ற காற்றும் அதே அளவுக்கு நெருக்கப்படுவதால், ஆழத்தில் இருக்கும்வரை இரத்தத்துக்கு ஆக்சிஜன் தாராளமாகவே கிடைக்கிறது. மலையில் நடப்பது இதற்கு நேர் எதிரானது. அழுத்தம் பாதியாகிறது, மேலே வந்து மூச்சு வாங்கிக்கொள்ள அங்கே மேற்பரப்பு எதுவும் இல்லை, அந்தக் குறையோடுதான் இரவும் பகலும் இருந்தாக வேண்டும். இன்னொன்றும் உண்டு. பல ஆண்டுகள் மூச்சடக்கிப் பழகியவருக்குக் கரியமில வாயு சேர்வதைப் பொறுத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிடுகிறது, அதாவது மூச்சுவிடச் சொல்லி உடல் கொடுக்கும் நெருக்கடியை அவர் அடக்கப் பழகியிருக்கிறார். உயரத்திலோ அந்த நெருக்கடிக்கு உடனே இணங்கி, அடக்காமல், கூடுதலாக மூச்சுவிடுவதுதான் பிழைக்கும் வழி. உங்கள் நெஞ்சின் வலுவும், குளிரிலும் இருட்டிலும் பதறாத மனமும் நிச்சயமாகப் பயன்படும். உயரத்துக்குப் பழகும் நாட்களில் மட்டும் ஒன்றைக்கூடக் குறைக்காதீர்கள்.

கம்ப்ரசர் குழாய் வைத்து மூழ்குகிறவர்கள் கவனிக்க வேண்டிய ஆபத்து தனியாக ஒன்று உண்டு. அழுத்தத்தில் மூச்சுவிட்டபோது இரத்தத்தில் கரைந்த நைட்ரஜன், அழுத்தம் குறைந்த இடத்துக்கு உடனே போனால் குமிழிகளாகப் பிரிந்து மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கும். கடைசியாக மூழ்கியதற்கும் விமானம் ஏறுவதற்கும் அல்லது மலை ஏறுவதற்கும் இடையே குறைந்தது ஒரு முழு நாளாவது விடுங்கள். ஒரே நாளில் பலமுறை மூழ்கியிருந்தால் அதற்கும் மேலே விடுங்கள்.

கேள்வி: மலை நோய் வருவதை எப்படித் தெரிந்துகொள்வது? டயமாக்ஸ் மாத்திரை போட்டுக்கொண்டால் போதும் என்று மருந்துக்கடையில் சொல்கிறார்கள்.
— வாசகர், ராமநாதபுரம்

பதில்: தொடக்கம் தலைவலிதான். அதனுடன் பசியின்மை, குமட்டல், அளவுக்கு மீறிய அசதி, தலைச்சுற்றல் இவற்றில் ஏதாவது ஒன்று சேர்ந்தால் அது மலை நோய் என்றே கொள்ள வேண்டும். "வெயில்பட்டதால் வந்த தலைவலி", "நேற்றுச் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை" என்று சமாதானம் சொல்லிக்கொள்வதுதான் பலரைப் படுக்கவைத்திருக்கிறது. உயரத்தில் வரும் எந்த உடல்நலக் குறைவும், வேறு காரணம் உறுதியாகும் வரை, உயரத்தால் வந்ததே. அறிகுறி இருக்கும்போது மேலே ஏறிப் படுக்கக் கூடாது; இருந்த இடத்திலேயே தங்கிப் பார்க்கலாம். அறிகுறி முற்றினால், நள்ளிரவாக இருந்தாலும் இறங்கிவிட வேண்டும். பெரும்பாலும் 300 முதல் 1,000 மீட்டர் வரை இறங்கினாலே மாற்றம் தெரியும்.

முற்றிய நிலை இரண்டு வகை. நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது ஒன்று: நடக்கும்போது மட்டுமன்றி உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கும்; இருமல் விடாது; பிறகு நுரையோடு இளஞ்சிவப்புச் சளி வரும். மூளை வீங்குவது மற்றொன்று. அதில் முதலில் கெடுவது நிதானம். தன் மேலங்கியின் ஜிப்பைக் கோக்கத் தெரியாமல் விரல்களையே பார்த்துக்கொண்டு நிற்பவரையும், கேட்ட கேள்விக்குப் பொருத்தமில்லாமல் எரிந்துவிழுபவரையும் "களைத்துவிட்டார்" என்று விட்டுவிடாதீர்கள். விடுதியின் கல்முற்றத்தில், ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல்நுனியில் ஒட்டவைத்துப் பத்தடி நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் அன்றே இறக்கிவிட வேண்டும். தனியாக அனுப்பக் கூடாது. அவருடைய முடிவு அப்போது நம்பத்தக்கதல்ல.

டயமாக்ஸ் என்பது அசெட்டசோலமைடு. நான் மேலே சொன்ன சிறுநீரகத்தின் வேலையை அது விரைவுபடுத்துகிறது. நோயை மறைக்கும் மருந்து என்று சிலர் சொல்வது தவறு. உடல் பழக உண்மையாகவே உதவுகிறது. தடுப்பாக எடுத்துக்கொள்ளும்போது காலை 125 மில்லிகிராம், மாலை 125 மில்லிகிராம் என்பது வழக்கமான அளவு. ஆனால் சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இதைத் தொடக்கூடாத நிலை இருக்கலாம் என்பதால் மருத்துவரிடம் கேட்காமல் வாங்காதீர்கள். ஊரிலேயே ஓரிரு நாள் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது: விரல்கள் மரத்துக் குறுகுறுக்கும், சிறுநீர் அடிக்கடி போகும், சோடா குடித்தால் சப்பென்றிருக்கும். இவை தெரியாமல் மலையில் போட்டுக்கொண்டவர்கள் வீணாகப் பயந்துபோகிறார்கள். மற்றபடி, மாத்திரை போட்டிருக்கிறோம் என்ற துணிச்சலில் 500 மீட்டர் வரம்பை மீறினால் அதனால் பயனில்லை. தூக்க மாத்திரையும் மதுவும் கூடவே கூடாது; இரண்டும் மூச்சின் வேகத்தைக் குறைக்கும்.

மனாங்கில், பயணக் காலமான இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் ஹிமாலயன் ரெஸ்க்யூ அசோசியேஷன் நடத்தும் சிறு மருத்துவ நிலையம் இருக்கிறது. அங்குள்ள தன்னார்வ மருத்துவர்கள் பிற்பகலில் மலை நோய் குறித்து விளக்கவுரை தருகிறார்கள். மனாங்கில் தங்கும் நாளில் அதைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: "வங்கக்கடலில் புயல் என்றால் கணவாய்க்காரர்களும் கவலைப்பட வேண்டும்" என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போய்விட்டீர்கள். எங்கள் கடலுக்கும் இமயமலைக்கும் என்ன தொடர்பு?
— வாசகர், தொண்டி

பதில்: அந்த ஒரு வரிக்கு விளக்கம் கேட்கப்படும் என்று எதிர்பார்த்தேன். கேட்டவர் தொண்டிக்காரராக இருப்பது பொருத்தம்.

2014 அக்டோபரில் அந்தமான் கடற்பகுதியில் உருவாகி வலுப்பெற்ற ஹுட்ஹுட் புயல், 12ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. நாம் வழக்கமாக அத்துடன் புயலை மறந்துவிடுவோம். கரையேறிய புயல் வலுவிழந்தாலும் அது சுமந்துவந்த ஈரம் எங்கும் போய்விடுவதில்லை. மிச்சமிருந்த தாழ்வழுத்தப் பகுதி வடக்கு நோக்கி நகர்ந்தது. மேற்கிலிருந்து இமயத்தை ஒட்டி வரும் குளிர்ந்த மேல்காற்றோட்டத்தின் தாழ்வுப் பகுதி ஒன்று அதை இழுத்துக்கொண்டது. மலைச்சுவரில் மோதி மேலெழும்பிய ஈரக்காற்று, அந்த உயரத்தின் குளிரில் பனியாகக் கொட்டித் தீர்த்தது. அக்டோபர் 14 அன்று, ஆண்டிலேயே தெளிவான வானம் இருக்கும் என்று நம்பி மிக அதிகமானோர் வரும் பருவத்தில், மனாங், முஸ்தாங் மாவட்டங்களில் இடுப்பளவுக்கும் மேல் பனி விழுந்தது. குறைந்தது 43 பேர் இறந்தார்கள். பயணிகள் மட்டுமல்லர், வழிகாட்டிகள், சுமைதூக்கிகள், யாக் மேய்ப்பவர்களும் அவர்களில் இருந்தார்கள், இந்தியரும் இருந்தார்கள். தோரோங் கணவாயைக் கடந்துகொண்டிருந்தவர்களில் பலர், உச்சியிலும் முக்திநாத் பக்க இறக்கத்திலும் எதிரே இருப்பவர் தெரியாத வெண்மூட்டத்தில் வழி தவறிச் சிக்கிக்கொண்டார்கள்.

இதில் என்னை வருத்துவது, புயல் திடீரென்று வந்ததல்ல என்பதுதான். அது கரையைக் கடக்கும் நாளும் இடமும் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டிருந்தன. ஆந்திரக் கரையில் லட்சக்கணக்கானோர் பாதுகாப்பான இடங்களுக்கு மாற்றப்பட்டிருந்தார்கள். தகவல் மலைமேல் நடந்துகொண்டிருந்தவர்களின் காதுக்குத்தான் போய்ச் சேரவில்லை. பாம்பனில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுப் படகை எடுக்கும் ஊர்க்காரர்களுக்கு இதன் பொருளை நான் விளக்கத் தேவையில்லை. 1964 டிசம்பரில் தனுஷ்கோடி அழிந்தபோது எச்சரிக்கையின் அருமையை உங்கள் கரை கற்றுக்கொண்டது. கணவாயில் ஏற்றிவைக்கக் கூண்டு இல்லை. ஆகவே நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டும். அக்டோபரிலோ நவம்பரிலோ போகிறவர்கள் மனாங் சேர்ந்ததும், இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வங்கக்கடல் அறிக்கையை நாள்தோறும் பாருங்கள். அங்கே இணைப்புக் கிடைக்காவிட்டால் ஊரிலுள்ள ஒருவரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஆந்திரம், ஒடிசா கரையை நோக்கி ஒரு புயல் போகிறது என்றால், அது கரையைக் கடந்த பிறகும் மூன்று நான்கு நாட்கள் கணவாய்ப் பக்கம் போகாமல் மனாங்கிலேயே இருங்கள். திட்டத்தில் இரண்டு மூன்று நாட்களை இதற்கென்றே வெறுமையாக விட்டுவைக்காதவர்களுக்குத் திரும்பும் ரயில் டிக்கெட்டே எமனாகிவிடும்.

பனி பெய்யத் தொடங்கிய பிறகு உச்சியில் இருந்தால் என்ன செய்வது என்று இன்னொரு வாசகர் கேட்டிருக்கிறார். வழித்தடத்தைக் காட்டும் கம்பங்கள் கண்ணுக்குத் தெரியும்வரை, வந்த வழியில் இறங்குவதே பொதுவாகப் பாதுகாப்பு. அந்தப் பக்கத்துச் சரிவும் விடுதிகளும் உங்களுக்குத் தெரியும். மறுபக்கம் முதல் கூரையைச் சேர நெடுந்தூரம் இறங்க வேண்டும்.

கேள்வி: எல்லோரும் விடிகாலை நான்கு மணிக்கே கிளம்புகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அவ்வளவு குளிரில் ஏன்? வெயில் வந்தபிறகு புறப்படக் கூடாதா?
— வாசகர், பாம்பன்

பதில்: காற்றுதான் காரணம். வெயில் ஏறியதும் தாழ்நிலங்களிலும் மலைச்சரிவுகளிலும் காற்று சூடாகி மேலெழும்ப, காளி கண்டகிப் பள்ளத்தாக்கின் வழியே தெற்கிலிருந்து பெருங்காற்று உள்ளே பாயத் தொடங்கும். முற்பகல் கழிந்தால் கணவாயில் நிற்பதே கடினமாகிவிடும். கச்சான் காற்றை மாதக்கணக்கில் பார்த்தவர்களுக்குக் காற்றின் வேகம் புதிதல்ல. உறைநிலைக்குக் கீழே பத்துப் பதினைந்து பாகையில் அதே வேகத்தில் வீசினால் என்னவாகும் என்பதுதான் புதிது. காலை எட்டு அல்லது ஒன்பது மணிக்குள் உச்சியைத் தாண்டிவிடுவது என்று கணக்கு வைத்துக்கொண்டால் புறப்பாடு நான்கு, நான்கரைக்கு வந்து நிற்கிறது.

அந்த ஏற்றம் எப்படி இருக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். சரளைக்கல் பாதையில் வளைந்து வளைந்து மேலே போகும் நெற்றிவிளக்குகளைத் தவிர முதல் இரண்டு மணி நேரம் ஒன்றும் தெரியாது. பத்தடி வைத்து நிற்பது, மூச்சு சீரானதும் மறுபடி பத்தடி. இதுதான் எல்லோருடைய நடையும், வெட்கப்பட ஒன்றுமில்லை. உறிஞ்சுகுழாய் வைத்த தண்ணீர்ப் பையின் குழாய் முதல் அரைமணியிலேயே உறைந்துவிடும், ஆகவே அகன்ற வாயுள்ள புட்டியில் வெந்நீர் நிரப்பி, பையினுள் தலைகீழாக வைத்துக்கொள்ளுங்கள். பனிக்கட்டி மேலேதான் முதலில் படரும், மூடிப்பக்கம் திறந்திருக்கும். கைபேசியையும் மாற்று பேட்டரியையும் உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள். "இதோ உச்சி" என்று நினைத்து ஏறிய மேட்டுக்கு அப்பால் இன்னொரு மேடு நிற்கும். அது பலமுறை நடக்கும். மந்திரக் கொடிகள் குவிந்த கற்குவியலும் சிறிய தேநீர்க் குடிலும் கண்ணில் பட்டால்தான் உச்சி. அங்கே படம் எடுத்துக்கொண்டு அரைமணிக்குள் இறங்கத் தொடங்குங்கள். முக்திநாத் வரை ஏறக்குறைய 1,600 மீட்டர் ஒரே இறக்கம் மிச்சமிருக்கிறது. முழங்கால்கள் அழுவது அங்கேதான்.

கேள்வி: கணவாய்க்கு மலையே இல்லாத ஊரில் இருந்துகொண்டு எப்படிப் பயிற்சி எடுப்பது? கொடைக்கானலில் ஒரு வாரம் தங்கினால் உயரம் பழகிவிடுமா?
— வாசகர், தேவிபட்டினம்

பதில்: பழகாது. கொடைக்கானல் 2,100 மீட்டரை ஒட்டியது. தென்னிந்தியாவிலேயே உயரமான ஆனைமுடி 2,695 மீட்டர்தான். உடல் பழகும் வேலை அதற்கு மேலேதான் சூடுபிடிக்கிறது, அப்படியே சிறிது பழகினாலும் ஊருக்குத் திரும்பிய சில நாட்களில் கரைந்துவிடும். கொடைக்கானலுக்கோ சிறுமலைக்கோ வேறொரு காரணத்துக்காகப் போங்கள்: சுமையோடு இறங்கிப் பழகுவதற்கு. ஏறுவதற்கான வலுவைச் சமவெளியிலும் பெறலாம், இறங்கும்போது தொடைத் தசைகள் வாங்கும் அடியைச் சமவெளி தராது.

ஊரில் இருக்கும் நாட்களுக்கு மணல் இருக்கிறது. முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை சாலையை விட்டுவிட்டுக் கடலோர மணலில், எட்டு கிலோ பையுடன் நடந்து பாருங்கள். கெண்டைக்காலும் கணுக்காலும் உரம்பெற இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் கிடையாது. தேவிபட்டினத்திலும் மணலுக்குப் பஞ்சமில்லை. அதோடு மாடிப்படி ஏறி இறங்குங்கள். தோப்புக்கரணம் போடுங்கள், பிள்ளையார் கோவித்துக்கொள்ள மாட்டார். வாங்கிய காலணியை இந்த நடைகளிலேயே பழக்கிவிடுங்கள். மலையில் முதன்முதலாக அதை மாட்டுகிறவர் கொப்புளத்தோடுதான் மனாங் சேர்வார்.

கேள்வி: சாப்பாட்டுக்கு என்ன எடுத்துப் போகலாம்? கருவாடு கொண்டுபோகலாமா?
— வாசகர், சாயல்குடி

பதில்: கருவாடு வேண்டாம். மேலே பசி மந்தப்பட்டு, குமட்டலும் எட்டிப்பார்க்கும் நேரத்தில் அந்த வாசனையை நீங்களே தாங்கமாட்டீர்கள், உடன் படுத்திருப்பவர் நிலை இன்னும் மோசம். உங்கள் ஊர்க் கருப்பட்டியே போதும். கருப்பட்டி, எள்ளுருண்டை, கடலைமிட்டாய், கொஞ்சம் பருப்புப்பொடி. விடுதிகளில் சோறும் பருப்பும் வேளைக்குக் கிடைக்கும், கேட்டால் மறுசோறும் போடுவார்கள். தோரோங் பேடியின் உயரத்தில் தண்ணீர் 85 பாகையை ஒட்டியே கொதித்துவிடுவதால் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. ஆகவே சொந்தமாகச் சமைக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

கேள்வி: எனக்குச் சர்க்கரை நோய். இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். வயது 47. நான் போகலாமா?
— வாசகர், கீழக்கரை

பதில்: போகலாமா என்பதை உங்கள் உடலை அறிந்த மருத்துவர்தான் சொல்ல வேண்டும். கண் விழித்திரை, இதயம், சிறுநீரகம் மூன்றையும் சோதித்துவிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அவர் சம்மதித்தால் மூன்று செய்திகளை நினைவில் கொள்ளுங்கள். நம் ஊரில் இன்சுலினை வெப்பத்திலிருந்து காப்போம். அங்கே குளிரிலிருந்து காக்க வேண்டும். ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பிறகும் பயன்படாது, எனவே பகலில் உள்சட்டைக்குள்ளும் இரவில் உறக்கப்பைக்குள்ளும் வைத்திருங்கள். சர்க்கரை பார்க்கும் கருவியும் குளிரில் தவறாகக் காட்டும் அல்லது வேலையே செய்யாது. அதையும் உடம்புச் சூட்டிலேயே வையுங்கள். மூன்றாவது, சர்க்கரை தாழ்ந்தால் வரும் நடுக்கமும் குழப்பமும் தள்ளாட்டமும் மலை நோயின் அறிகுறிகளைப் போலவே இருக்கும். உடன்வருபவருக்கு இதைச் சொல்லிவைத்து, முதலில் சர்க்கரையைப் பார்க்கச் சொல்லுங்கள். நாள் முழுவதும் நடக்கும்போது மருந்தின் அளவும் மாறும் என்பதால் அதையும் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வழிகாட்டி இல்லாமல் நாங்களே போகலாமா? காப்பீடு அவசியமா?
— வாசகர், மண்டபம்

பதில்: வெளிநாட்டுப் பயணிகள் பதிவுபெற்ற நிறுவனத்தின் வழிகாட்டியோடுதான் நெடுநடைப் பாதைகளில் போக வேண்டும் என்று நேபாளச் சுற்றுலா வாரியம் 2023 ஏப்ரல் முதல் விதி கொண்டுவந்தது. விதி எப்படியிருந்தாலும் கணவாய்க்கு வழிகாட்டியுடன் போவதே என் பரிந்துரை. காப்பீட்டில் 5,500 மீட்டர் வரை செல்லுபடியாகும் என்றும், ஹெலிகாப்டர் மீட்பு அடங்கும் என்றும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரணப் பயணக் காப்பீடுகள் பல அவ்வளவு உயரத்துக்குச் செல்லாது. இன்னொரு பக்கமும் உண்டு: காப்பீட்டுப் பணத்துக்காக, நடந்தே இறங்கக்கூடியவர்களையும் ஹெலிகாப்டரில் ஏற்றிவிடும் மோசடி நேபாளத்தில் 2018இல் அரசு விசாரணை வரை போனது. இறங்கும் தெம்பு இருக்கும்போதே இறங்கிவிட்டால் இரண்டு தொல்லையும் இல்லை.

கேள்வி: எங்கள் ஊர்ப் பெருமாளைப் போலவே முக்திநாத்தும் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. என் அத்தைக்கு 68 வயது, கணவருடைய தாயார். அவருக்குச் சாளக்கிராமப் பெருமாளைச் சேவிக்க ஆசை. அவரால் கணவாய் ஏற முடியாது. நானும் கணவரும் நடந்துவர, அவர் வேறு வழியில் வந்து எங்களைச் சந்திக்க முடியுமா? ஊருக்குப் புதியவர்களுக்கு என்ன அடையாளச் சான்று கேட்பார்கள்?
— வாசகி, திருப்புல்லாணி

பதில்: முடியும். கணவாயைக் கடக்காமலே மறுபக்கத்திலிருந்து முக்திநாத்துக்குச் சாலை இருக்கிறது. பொக்காராவிலிருந்து ஜோம்சோம் வரை சிறு விமானமும், அங்கிருந்து ஜீப்பும் உண்டு. பொக்காராவிலிருந்தே ஜீப்பில் வருவோரும் இருக்கிறார்கள். காற்றின் காரணமாக விமானம் காலையில் மட்டுமே பறக்கும், வானம் மூடினால் அதுவும் ரத்தாகும்.

ஆனால் அத்தையின் பயணத்தைச் சுலபமான பாதி என்று எண்ணிவிடாதீர்கள். நீங்கள் இருவரும் பல நாட்கள் நடந்து உடலைப் பழக்கிக்கொண்டு 5,416 மீட்டரைத் தாண்டி வருவீர்கள். அவரோ 800 மீட்டர் சொச்சத்தில் இருக்கும் பொக்காராவிலிருந்து 3,700 மீட்டருக்கு மேல் உள்ள முக்திநாத்துக்கு ஒரே பகலில் ஏறிவிடக்கூடும். மலை நோய் அவருக்குத்தான் எளிதாக வரும். விமானத்தில் வந்தாலும் ஜீப்பில் வந்தாலும், 2,700 மீட்டரை ஒட்டிய ஜோம்சோமிலோ அருகிலுள்ள மார்பாவிலோ இரண்டு இரவு தங்கவைத்துவிட்டு, காலையில் மேலே அழைத்துப் போய்ச் சேவித்ததும் அன்றே கீழே இறக்கிவிடும்படி உடன்வருபவரிடம் சொல்லுங்கள். இரத்த அழுத்தமோ இதய நோயோ இருந்தால் முன்பே மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். ஜீப் நிற்கும் இடத்திலிருந்து கோயிலுக்குப் படிகளோடு கூடிய ஏற்றம் இருக்கிறது. முடியாதவர்களுக்கு மட்டக்குதிரை கிடைக்கும். கோயிலின் பின்புறம் 108 நீர்த்தாரைகளில் நீராடுவது வழக்கம். பனியுருகிய தண்ணீர். அத்தை தலையில் தெளித்துக்கொண்டால் போதும்.

நீங்கள் கணவாயைக் கடக்கும் நாள் ஓரிரு நாள் முன்பின் ஆகலாம் என்பதால் சந்திப்பை முக்திநாத்தில் வைத்துக்கொள்ளாமல் ஜோம்சோமில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் அங்கே காத்திருப்பது உயரம் பழகவும் உதவும். இந்தியர்களுக்கு நேபாளம் செல்ல விசா தேவையில்லை. பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும். ஆதார் அட்டையை மட்டும் நம்பி நீங்கள் இருவரும் கிளம்பாதீர்கள். 65 வயதைக் கடந்தவர் என்பதால் அத்தைக்கு வேறு சில சான்றுகளும் ஏற்கப்படும் என்றாலும், அவருடைய வாக்காளர் அட்டையையும் எடுத்துக்கொள்வது நல்லது. அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான நுழைவு அனுமதியை மூவருக்குமே பொக்காராவிலோ காட்மாண்டுவிலோ வாங்கிக்கொள்ள வேண்டும்; ஜோம்சோம் வழியாக வருபவருக்கும் அது தேவை.